அப்பா சொன்ன நீல ஜாகுவார்: பழைய பொம்மைக் காரை எப்படி அடையாளம் கண்டு வாங்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காரைக்குடி வீட்டை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டியில் உங்கள் அப்பா சின்ன வயதில் விளையாடிய ஏழு பொம்மைக் கார்கள் கிடைத்திருக்கின்றன. பினாங்கில் கடை வைத்திருந்த மாமா 1960-களில் ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுத்தவை. பெயின்ட் உதிர்ந்திருக்கிறது, மறுபடி அடிக்கலாமா, என்ன விலை போகும், நான்கு வயது மகனுக்கு விளையாடக் கொடுக்கலாமா என்று எண் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: அப்பா இன்றைக்கும் ஒரு நீல நிற ஜாகுவாரைப் பற்றியே பேசுகிறார், டிக்கியைத் திறந்தால் உள்ளே குட்டி சூட்கேஸ் இருக்குமாம், அது இந்த ஏழில் இல்லை, இனிக் கிடைக்குமா? உங்கள் உண்மையான கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இதற்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றவை பிறகு.

என்னைப் பற்றி ஒரு வரி. அம்பத்தூரில் துத்தநாக டை காஸ்டிங் பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுக்கப் போனது. உருக்கிய உலோகத்தை டை என்ற எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் வேலை அது. கார்புரேட்டர், பூட்டுப் பாகம், கைப்பிடி என்று வார்த்துத் தள்ளினோம். பழைய பொம்மைக் கார்களும் அதே உலோகம், அதே முறை. சேர்க்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. எனவே உலோகம், வார்ப்பு, பெயின்ட் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். விலை பற்றிச் சொல்வதை ஒரு பங்கு குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

உங்கள் அப்பா விளையாடிய காலத்தில் இப்படிப்பட்ட கார் என்றால் பெரும்பாலும் மூன்று பிரிட்டிஷ் கம்பெனிகள்தான். லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1934 முதல் டிங்கி என்ற பெயரில் செய்தது. மெட்டாய் கம்பெனி வேல்ஸில் ஸ்வான்சீ தொழிற்சாலையிலிருந்து 1956-ல் கார்கியைக் கொண்டுவந்தது. லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் (பெயர் ஒன்றானாலும் உறவில்லை) 1947-ல் ஒரு பழைய மதுக்கடைக் கட்டடத்தில் தொடங்கியது லெஸ்னி. அதில் சேர்ந்த ஜாக் ஓடெல் டை செய்வதில் கில்லாடி. அவருடைய மகளின் பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டும்தான் கொண்டுவரலாம் என்று விதி. மகளுக்காக ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிச் செய்து கொடுத்தார். அந்த யோசனையிலிருந்து 1953-ல் வந்ததுதான் மேட்ச்பாக்ஸ். நம் நாட்டில் அன்று இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. அதனால் சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு என்று யாராவது போய்வந்தால்தான் இவை வீட்டுக்கு வரும். உங்கள் அப்பாவுக்கு ஏழு வந்திருக்கிறது என்றால் அந்த மாமா அவர் மேல் எவ்வளவு பிரியம் வைத்திருந்திருக்க வேண்டும்!

இப்போது ஜாகுவார். டிக்கியில் சூட்கேஸ் என்ற ஒரு அடையாளமே பாதிக் கிணறு தாண்டிவிடுகிறது. ஜாகுவார் மார்க் 10 என்ற நீளமான சலூன் கார் 1961-ல் வந்தது. அதை மூன்று கம்பெனிகளும் பொம்மையாகச் செய்தன. டிங்கி எண் 142, கார்கி எண் 238 இரண்டும் 1962-ல் வந்தன. மேட்ச்பாக்ஸ் எண் 28 அதற்குப் பின், 1964-ல். மேட்ச்பாக்ஸில் திறப்பது முன்பக்க பானெட் மட்டும், நிறமும் வெளிறிய பழுப்பு. ஆகவே அதை விட்டுவிடலாம். டிங்கியிலும் கார்கியிலும் டிக்கி திறக்கும், உள்ளே சூட்கேஸ் இருக்கும், இரண்டிலும் நீலம் உண்டு. வித்தியாசம் எங்கே என்றால், கார்கியில் பானெட்டும் திறக்கும், உள்ளே எஞ்சின் தெரியும். டிங்கியில் பானெட் திறக்காது. அதனால் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முன்னாடியும் திறக்குமா, பின்னாடி மட்டுமா?

கேட்கும் விதத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். "பானெட் திறக்குமா அப்பா?" என்று கேட்டால் "ஆமாம், திறக்கும்" என்று சொல்லிவிடுவார். கையில் ஒரு காரைக் கொடுத்து, அந்த ஜாகுவாரை வைத்து எப்படி விளையாடினீர்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். சூட்கேஸை எடுத்து எங்கே வைப்பார், எந்த விரலால் திறப்பார், எது முதலில் உடைந்தது என்று அவரே சொல்லும்போது விடை வந்துவிடும். சிறுவயதுக் காரைத் தேடிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களிடம் நான் கண்டது, நிறமும் அளவும்தான் நினைவில் முதலில் பிசகுகின்றன. எல்லாருக்கும் தங்கள் கார் நிஜத்தைவிடப் பெரிதாக இருந்ததாகவே ஞாபகம். சின்னக் கையில் இருந்ததல்லவா. சிவப்பு என்று சத்தியம் செய்வார்கள், புகைப்படம் கிடைத்தால் பச்சையாக இருக்கும். ஆனால் கையால் செய்ததை மறப்பதில்லை. அழுத்தினால் ஸ்பிரிங்கில் அமுங்கி எழுந்தது என்று ஒருவர் சொன்னால், கார்கியில் அந்த வசதி 1959-ல்தான் வந்தது என்பதால் அதற்கு முந்தைய கார்கியை எல்லாம் ஒதுக்கிவிடலாம். ஒரு பொத்தானை அமுக்கியதும் கூரை திறந்து உள்ளே இருந்த ஆள் வெளியே பறந்தான் என்றால் வேறு பேச்சே இல்லை, கார்கி 1965-ல் விட்ட ஜேம்ஸ் பாண்ட் ஆஸ்டன் மார்ட்டின்தான்.

இன்னொரு வாய்ப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த ஜாகுவார் பினாங்கிலிருந்து வராமல் இங்கேயே வாங்கியதாகவும் இருக்கலாம். டிங்கியின் பழைய டைகள் சில 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்தன. டையில் இருந்த டிங்கி பெயரை மாற்றி நிக்கி டாய்ஸ் என்று போட்டு அங்கே வார்த்து விற்றார்கள். ஜாகுவார் மார்க் 10 அந்த வரிசையிலும் உண்டு. அடியில் பார்த்தால் பழைய எழுத்தை அழித்த இடம் மேடாகவோ வழவழப்பாகவோ தெரியும். டை வேலை தெரிந்தவனுக்கு அதைப் பார்த்ததுமே புரிந்துவிடும். பெயின்ட் கொஞ்சம் தடிமன், ஓரங்களில் வார்ப்புப் பிசிறு மிச்சம் இருக்கும். பல காலம் சேகரிப்பாளர்கள் இவற்றை மட்டமான நகல் என்று ஒதுக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே டை, அதே வடிவம், இன்னொரு ஊர்த் தொழிலாளியின் கை, அவ்வளவுதான். இந்த வரிசையில் ஸ்டாண்டர்டு 20 மினிபஸ் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு அட்லஸ் என்று ஓடிய வேனை டிங்கி பொம்மையாகச் செய்தது. நிஜ வேன் இங்கே சென்னையை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்டு 20 என்ற பெயரில் தயாரானது. பொம்மையின் டையும் கல்கத்தாவுக்கு வந்து அதே பெயரை எடுத்துக்கொண்டது. எனக்கு விவரம் தெரிந்து என் கையில் இருந்த முதல் வண்டி அந்த மினிபஸ்தான். தெருவில் நிஜமாகவே ஓடிய வண்டி என் சட்டைப் பையிலும் இருந்தது என்பதில் எனக்கு அப்போது இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. லண்டன் பஸ்ஸைவிட அது எனக்கு நெருக்கமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். 1980-களில் பிறந்தவர்களுக்கு இதே இடத்தில் லியோ என்ற பொம்மைக் கார் வரிசை இருக்கும். ஹாட் வீல்ஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கார்களின் பழைய டைகளில் இந்தியாவில் வார்த்து, வேறெங்கும் வராத நிறங்களில் விற்றது. அதையும் இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தேடுகிறார்கள்.

சரி, கையில் இருக்கும் ஏழுக்கு வருவோம். நீங்கள் படம் போட்டிருக்கும் கருஞ்சிவப்பு மெர்சிடிஸைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். அடித்தகட்டில் மேட்ச்பாக்ஸ் சீரிஸ், எண் 53, லெஸ்னி, மேட் இன் இங்கிலாந்து என்று படிக்க முடிகிறது. மெர்சிடிஸ் 220 எஸ்இ, 1963-ல் வந்தது, இரண்டு கதவும் திறக்கும். பழைய கார் எதுவானாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அடியில் எழுத்து பிழைத்திருக்கும். அடுத்து சக்கரம். மேட்ச்பாக்ஸில் பொதுவாக முதலில் உலோகச் சக்கரம், பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அதன்பின் கறுப்பு என்று மாறியது. 1968-ல் அமெரிக்காவில் மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸ் கொண்டுவந்தது. மெல்லிய ஆக்சிலில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தக் கார்களுக்கு முன்னால் பழைய மேட்ச்பாக்ஸ் நின்றுபோனது. 1969-லிருந்து லெஸ்னியும் சூப்பர்ஃபாஸ்ட் என்று சக்கரத்தை மாற்றிவிட்டது. உங்கள் மெர்சிடிஸில் இருப்பது பழைய வகைச் சக்கரம், அப்பா சொல்லும் காலத்தோடு பொருந்துகிறது. இதற்கு மேல் இது எந்த வருஷம் என்று துல்லியமாகக் கேட்டால் சொல்ல மாட்டேன். எந்தத் தொழிற்சாலையிலும் மிச்சம் இருக்கும் சக்கரத்தைத் தீரும்வரை மாட்டுவார்கள், நாங்களும் அப்படித்தான் செய்தோம். அதை வைத்து இது இந்த வருஷம், அதனால் அரியது என்று கதை கட்டுவது சந்தேகத்துக்குரிய வியாபாரம். பிற்காலக் கார்களின் அடியில் இருக்கும் வருஷமும் இப்படித்தான். ஹாட் வீல்ஸில் அது அந்த வடிவத்துக்கு உரிமை பதிந்த வருஷம். அந்தக் குறிப்பிட்ட கார் அதற்குப் பல வருஷம் கழித்துக்கூட வார்த்ததாக இருக்கலாம்.

மறுபடி பெயின்ட் அடிக்கலாமா? தயவுசெய்து வேண்டாம். பெயின்ட் அடித்த கார் சேகரிப்பாளர் சந்தையில் பாதி மதிப்பை உடனே இழக்கும் என்பது ஒரு காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம், அசல் பெயின்ட் ஒருமுறை போனால் திரும்பாது. அது ஆலையில் அடுப்பில் சுட்டு ஏற்றிய பூச்சு, மெல்லிசாக, கதவு ரிவெட்டின் விளிம்பு வரை கூர்மையாகத் தெரியும். பிரஷ்ஷிலோ ஸ்ப்ரேயிலோ அடித்தால் அந்தக் கோடுகளெல்லாம் நிரம்பி மழுங்கிவிடும். நீங்கள் வாங்கும்போதும் இதையே பாருங்கள். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை அசலில் வழவழவென்று நசுங்கிப் பரவியிருக்கும். அதில் துளை போட்ட தடமோ திருகோ பசையோ இருந்தால் யாரோ பிரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். மெர்சிடிஸின் அடியில் அப்பா ஆணியால் கீறிய ஒரு எழுத்து இருக்கிறது, அதை மட்டும் தேய்த்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "சு" என்று எழுதத் தொடங்கி, உகரத்தின் சுழி தகட்டின் விளிம்புக்கு வெளியே ஓடிவிட்டது. அதை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். ஏழு காரிலும் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமானது அந்தக் கீறல் ஒன்றுதான்.

உலோகம் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்கள் துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு தாமிரம், மெக்னீசியம் சேர்ந்த கலவை. இதில் ஈயம் துளி கலந்தாலும் வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். ஈரக்காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். ஈயம் வைத்துப் பற்றவைத்த எதுவும் எங்கள் பட்டறையில் உலைப் பக்கம் வரக்கூடாது. ஒரு கைப்பிடிக் கழிவு முழு உலையையும் கெடுத்துவிடும். உலகப்போருக்கு முந்தைய டிங்கிகளில் இந்த நோய் நிறைய. அடிபடாமலே பெயின்ட் கொப்பளிக்கும், மயிரிழை விரிசல் ஓடும், கார் வீங்கி வளையும், கடைசியில் பிஸ்கட்டாக உதிரும். வந்தால் மருந்து இல்லை. 1960-களின் லெஸ்னி, டிங்கி, கார்கியில் இது அரிது. உங்கள் படங்களில் தெரிவது வெறும் மோதல் தழும்புதான். ஆனாலும் கூரையையும் பானெட்டையும் சாய்ந்த வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரும் ஒரு சொட்டு மென்மையான சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். ஊற வைக்காதீர்கள், ஆக்சில் இரும்புக் கம்பி, துருப்பிடிக்கும். காகித ஸ்டிக்கர் உள்ள காரில் தண்ணீரே வேண்டாம். தின்னர், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஆக்சில் இறுகியிருந்தால் தையல் மெஷின் எண்ணெயைக் குச்சி நுனியில் தொட்டு வையுங்கள். பெட்டியில் அந்துருண்டை கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள், முதல் வேலையாக அதை எடுத்து எறியுங்கள். அந்துருண்டை ஆவி ஜன்னல் கண்ணாடியாக வைத்திருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கும். மென்மையான டயர் உள்ள கார்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் நேராக நிறுத்தாதீர்கள், டயரில் உள்ள எண்ணெய்ப் பொருள் கசிந்து டப்பாவோடு ஒட்டி உருகிவிடும். கீழே ஒரு காகிதம் போட்டால் தீர்ந்தது. நம் ஊர் மழைக்காலத்துக்கு சிலிகா ஜெல் பொட்டலம், வெயில் நேராகப் படாத அலமாரி, இவ்வளவு போதும்.

விலை. லெஸ்னி இவற்றை வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் வார்த்துத் தள்ளிய கம்பெனி. பெட்டி இல்லாமல், விளையாடித் தேய்ந்த ஒரு சாதாரண மேட்ச்பாக்ஸ் பிரிட்டனில் பெரும்பாலும் பத்துப் பவுண்டுக்குள்தான் போகும். அசல் அட்டைப் பெட்டியோடு, கீறல் இல்லாமல் இருந்தால் அதன் பல மடங்கு. சக்கர நிறம், உடல் நிறம் அரிதாக அமைந்தால் இன்னும் அதிகம். ஆனால் அரிய நிறம் என்று சொல்வதில்தான் ஏமாற்றும் அதிகம். வெயிலிலும் ரசாயனத்திலும் நிறம் மாறும். இணைய ஏலத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவை என்ற பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஏழு கார்களைப் பொறுத்தவரை, விற்று வரும் பணம் பெரிதாக இருக்காது என்பது என் ஊகம். மற்ற ஆறின் அடிப்பக்கப் படம் வந்தால் இன்னும் நம்பிக்கையோடு சொல்வேன்.

மகனுக்கு இவற்றைக் கொடுக்க வேண்டாம். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உதிரும் பெயின்ட்டும் நான்கு வயதுக் குழந்தையும் ஒன்றாக இருக்கவே கூடாது. கழன்று வரும் டயரும் சூட்கேஸும் தொண்டையில் சிக்கும் அளவு வேறு. தாத்தா மடியில் உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு கை கழுவிவிடுங்கள். விளையாட இன்றைய பாதுகாப்பு விதிப்படி வரும் ஒரு புதுக் கார் வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, ஜாகுவாரை எங்கே தேடுவது? சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்ததற்கு முன் இப்படிப்பட்டவை அங்கே குவியலில் கிடைக்கும். இன்று மும்பை சோர் பஜாரில் எப்போதாவது நிக்கி வருகிறது, கல்கத்தா பழைய வீடுகளைக் காலி செய்யும் வியாபாரிகளிடமும் வருகிறது. டிங்கியோ கார்கியோ என்றால் பிரிட்டனிலிருந்து வரவழைப்பதுதான் எளிது. ஆனால் பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. போதாக்குறைக்கு 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தரச்சான்று கட்டாயம் என்பதால் பார்சல் சுங்கத்தில் நிற்கவும் கூடும். அங்கிருந்து வரும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்புவதே நிம்மதி, பினாங்கு மாமா செய்த மாதிரி. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் அடிப்பக்கம், திறந்த டிக்கி, சூட்கேஸ் இவற்றின் படம் கேளுங்கள். தொலைந்த சூட்கேஸுக்குப் பதிலாகப் புதிதாக வார்த்தவை தனியாக விற்கின்றன, அதைப் போட்டுவிட்டு அசல் என்று விலை ஏற்றுவார்கள். அசல் அட்டைப் பெட்டியுள்ள சுத்தமான காருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அட்டைப் பெட்டி இல்லாத, ஓரம் தேய்ந்த, ஆனால் டிக்கி மட்டும் சரியாகத் திறந்து மூடும் ஒன்றை வாங்குங்கள். அப்பா அதைத் திறந்து மூடாமல் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கப் போவதில்லை.